நம் பிள்ளைகளைச் சிந்திக்கப் பழக்குவோம்



பன்னிரண்டு வயதிலிருந்து பதினைந்து வயது வரையுள்ள பிள்ளை ஒன்று உங்கள் இல்லத்தில் இருக்குமானால், உங்களோடு சற்று மனம் விட்டுப் பேச விரும்புகிறேன். சிறு வயதில் 'இது ஏன், அது எப்படி' என்று ஓயாமல் கேட்டு நம்மைத் துளைத்தெடுத்த பிள்ளை, ஆறாம் வகுப்பைத் தாண்டியதும் மெல்ல மெல்லக் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறது. 'பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது, வாய் குறைந்துவிட்டது' என்று நாமும் மகிழ்ந்து போகிறோம். வாய் குறைந்ததா, அல்லது உள்ளே ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றுவிட்டதா என்பதை நம்மில் எத்தனை பேர் நின்று கவனிக்கிறோம்?

நான் கல்வியாளன் அல்லன். தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் முகவர் நிறுவனம் ஒன்றில் சரக்குக் கணக்கு எழுதும் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். தோணியில் ஏறும் மூட்டையையும் கப்பலிலிருந்து இறங்கும் பெட்டியையும் எண்ணியே காலம் போயிற்று. ஆனாலும் சென்ற ஓராண்டாக என் தங்கை மகனின் படிப்பில் நான் தலையிட நேர்ந்தது. அவன் காயல்பட்டினத்தில் எட்டாம் வகுப்பில் இருந்தான். அவனுடைய வாப்பா ஹாங்காங்கில் கல் வியாபாரத்தில் இருக்கிறார். வாரந்தோறும் வெள்ளிக்கிழமை தொலைபேசியில் அழைப்பார். மகனிடம் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை மார்க்?" மார்க் குறையத் தொடங்கியதும் கேள்வியும் மாறியது. "பத்தாவது முடியட்டும், இங்கே கடைக்கு வந்துவிடட்டும். படிப்பு வராத பிள்ளையை வைத்துக்கொண்டு ஏன் கஷ்டப்பட வேண்டும்?" என்று மச்சான் என் தங்கையிடம் சொல்லிவிட்டார். நம் ஊர்ப் பக்கத்தில் எத்தனையோ பிள்ளைகளின் வாழ்க்கை இந்த ஒரு வாக்கியத்தில் முடிவு செய்யப்பட்டிருக்கிறது. கடைக்குப் போவதை நான் குறைத்துச் சொல்லவில்லை, வியாபாரம் நம் முன்னோர் தொழில். ஆனால் 'படிப்பு வராது' என்ற முடிவோடு ஒரு பிள்ளை கடைக்குப் போவதும், படித்துத் தெளிந்த பிள்ளை கடைக்குப் போவதும் ஒன்றல்ல.

தங்கை என்னை அழைத்து, "காக்கா, இவன் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் புத்தகமும் கையுமாகத்தான் இருக்கிறான். ஆனால் ஒன்றும் நிற்கவில்லை. நீங்கதான் என்னவென்று பார்க்க வேண்டும்" என்றாள். பார்த்தேன். மருமகன் சோம்பேறியல்லன். கைடு என்னும் வழிகாட்டி நூலை எடுத்து, விடைகளை ஒரே இராகத்தில் பத்து முறை, பதினைந்து முறை வாசித்துக்கொண்டே போகிறான். அவன் வாசித்துக்கொண்டிருந்த பாடத்தில் ஒரு வினா: முத்து எவ்வாறு உருவாகிறது? விடை: சிப்பிக்குள் மணல் துகள் ஒன்று விழுந்துவிடுகிறது, அந்த உறுத்தலைத் தாங்காமல் சிப்பி ஒரு திரவத்தைச் சுரந்து அதை மூடுகிறது, அதுவே முத்தாகிறது. கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவித்தான். ஓர் எழுத்துப் பிசகவில்லை.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "சிப்பி எங்கே வாழ்கிறது?"

"கடலுக்கு அடியிலே, மாமா."

"கடலுக்கு அடியிலே என்ன இருக்கிறது?"

"மணல்." சொல்லிவிட்டு நிறுத்தினான். சற்று நேரம் கழித்து அவனே கேட்டான்: "அப்படியென்றால் எல்லாச் சிப்பியிலும் முத்து இருக்க வேண்டுமே?"

வாசகர்களே, அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரையே. மார்க்கோ போலோ பதிமூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் காயலைப் பற்றி எழுதி வைத்த காலத்துக்கும் முன்பிருந்தே முத்தோடு வாழ்ந்து வரும் கரை நம் கரை. ஆயிரக்கணக்கான சிப்பிகளைத் திறந்தாலும் விலைபோகும் முத்து சிலவற்றில்தான் கிடைக்கும் என்பது இங்கே பாட்டிமார்களுக்கும் தெரிந்த செய்தி. அந்த அறிவு அவன் மண்டையின் ஒரு மூலையில் இருந்தது. கைடு மனப்பாடம் இன்னொரு மூலையில் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. இருப்பதை இருப்பதோடு மோதவிட்டுப் பார்ப்பதற்குத்தான் சிந்தனை என்று பெயர்.

பிறகு இருவருமாகத் தேடினோம். மணல் துகள் கதை பெரும்பாலும் கதைதான் என்று தெரிந்தது. மணலும் சேறும் உள்ளே வந்தால் அவற்றை வெளியே தள்ளிவிடச் சிப்பிக்கு நன்றாகத் தெரியும். சிப்பியின் ஓட்டை ஒட்டி உள்ளே படர்ந்திருக்கும் போர்வை போன்ற சதைக்குத்தான் முத்துப் பூச்சைச் சுரக்கும் ஆற்றல் உண்டு. காயத்தாலோ ஒட்டுண்ணியாலோ அந்தப் போர்வையின் அணுக்கள் சில பெயர்ந்து உடலுக்குள் போய்ச் சிறு பைபோல் வளர்ந்துவிட்டால், அந்தப் பைக்குள் முத்து பிறக்கிறது. 1902இல் இலங்கை முத்துப் பார்களை ஆராய வந்த பேராசிரியர் ஹெர்ட்மேனும் அவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெலும் நாடாப்புழுவின் இளம் பருவமே முத்துக்குக் காரணம் என்றார்கள். பின்னால் வந்தவர்கள் அதையும் கேள்விக்கு உள்ளாக்கினார்கள். அறிஞர் சொன்னதை இன்னோர் அறிஞர் மறுப்பது மருமகனுக்குப் பெரிய வியப்பாக இருந்தது. "பெரியவங்க சொன்னதை மறுக்கலாமா, மாமா?" என்றான். சான்றோடு மறுக்கலாம், மரியாதையோடு மறுக்கலாம் என்றேன்.

இதற்கெல்லாம் மேலாக, நம் தூத்துக்குடியிலேயே சான்று இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் கே. அழகர்சாமி அவர்களும் உடன் பணியாற்றியவர்களும் 1973ஆம் ஆண்டு ஜூலையில், தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில், இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். சிப்பிக்குள் ஓர் உருண்டை மணியை மட்டும் அவர்கள் வைக்கவில்லை. இன்னொரு சிப்பியின் போர்வைச் சதையிலிருந்து மிகச் சிறிய துண்டு ஒன்றையும் வெட்டி, மணியோடு ஒட்டினாற்போல் வைத்தார்கள். ஜப்பானியர் முன்பே கண்டறிந்த நுட்பமும் இதுவே. "மணியே போதுமென்றால் அந்தச் சதைத் துண்டு எதற்கு?" என்று மருமகனிடம் கேட்டேன். பதில் சொல்ல அவனுக்கு இரண்டு நாள் ஆயிற்று. நானாகச் சொல்லிவிடாமல் பொறுத்திருந்தேன். பெற்றோர்களே, இந்தப் பொறுமை எளிதன்று. விடை தெரிந்த வாய் சும்மா இருக்காது. ஆனால் நாம் விடையைச் சொன்ன மறு நொடியே பிள்ளையின் தேடல் முடிந்துவிடுகிறது.

இதன் பிறகு அவனுக்கு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நாள் ஒன்றுக்கு ஒரு கேள்வி அதில் எழுத வேண்டும், விடை எழுத வேண்டியதில்லை என்பது மட்டுமே விதி. முதல் வாரக் கேள்விகள் எல்லாம் என்னை மகிழ்விப்பதற்காக எழுதப்பட்டவை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. மூன்றாம் வாரத்தில்தான் உண்மையான கேள்வி ஒன்று வந்தது. ஆறுமுகநேரி உப்பளத்தைக் கடந்து போகும்போது தோன்றியதாம்: "உப்பு எடுத்த பிறகு மிச்சத் தண்ணீரை ஏன் வெளியே விடுகிறார்கள்? அதையும் காய விட்டால் இன்னும் உப்புக் கிடைக்குமே?" நல்ல கேள்வி. உப்பளத்தில் வேலை செய்த ஒருவரிடமே அவனை அனுப்பினேன். கடைசி நீரில் மக்னீசிய உப்புகள் சேர்ந்துவிடும், அதையும் காயவிட்டால் நல்ல உப்பும் கசந்துபோகும் என்று அவர் சொல்லி, அந்த நீரை நாக்கில் தொட்டுப் பார்க்கவும் வைத்திருக்கிறார். வேதியியல் பாடத்தில் அந்தப் பெயர் வரும்போது இவன் மறப்பானா?

கணக்குத்தான் அவனுக்குப் பெரும்பகை. வர்க்கம், வர்க்கமூலம் என்றால் முகம் சுண்டிவிடும். 'இதெல்லாம் எதற்கு உதவும்' என்று கேட்டான். இப்படிக் கேட்கும் பிள்ளையை அதிகப்பிரசங்கி என்று அடக்கிவிடுவது நம் வழக்கம். அது மிக நியாயமான கேள்வி என்பது என் கருத்து. நான் அவனுக்கு நம் முத்து வியாபாரிகளின் பழைய கணக்கு ஒன்றைச் சொன்னேன். ஆங்கிலேயர் காலப் பதிவுகளில் 'செவோ' என்று எழுதப்பட்டிருக்கும் அந்த மதிப்பீட்டு முறை இதுதான்: ஒரே தரத்து முத்துகளை நிறுத்து, மொத்த எடையை மஞ்சாடியில் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, வருவதில் முக்கால் பங்கை எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். கிடைப்பது செவோ. அதற்குத்தான் விலை பேசப்படும்.

இரண்டு மஞ்சாடி எடையுள்ள ஒரே முத்து: 2 × 2 = 4, அதில் முக்கால் 3, ஒன்றால் வகுத்தால் 3 செவோ. அதே இரண்டு மஞ்சாடியில் ஒத்த இரண்டு முத்துகள் இருந்தால் 1½ செவோ. நான்கு முத்துகள் இருந்தால் முக்கால் செவோ. "மூன்று இருந்தால்?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் "ஒன்று!" என்றான். எடை மாறவேயில்லை, மதிப்பு மட்டும் பாதி, கால் என்று இறங்குகிறது. ஏன் இப்படி ஒரு கணக்கை வைத்தார்கள் என்று யோசிக்கச் சொன்னேன். "பெரிய முத்து அரிதாகத்தான் கிடைக்கும். சின்னதை எத்தனை சேர்த்தாலும் பெரியது ஆகாது" என்றான். அந்த உண்மையை ஒரு சூத்திரத்துக்குள் அடைத்து வைக்க, எண்ணை அதே எண்ணால் பெருக்கும் உத்தி தேவைப்பட்டிருக்கிறது. வர்க்கம் எதற்கு என்ற கேள்விக்கு அவனுக்கு விடை கிடைத்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை நடந்ததைத் தங்கை சொல்லித்தான் அறிந்தேன். வாப்பா தொலைபேசியில் அழைத்ததும், மார்க் கேட்பதற்கு முன்பே இவன் செவோக் கணக்கை எடுத்துவிட்டிருக்கிறான். மச்சான் கல் வியாபாரி அல்லவா! கல்லிலும் அப்படித்தான், ஒரு காரட் கல் இரண்டைச் சேர்த்தாலும் இரண்டு காரட் கல் ஒன்றின் விலை வராது என்று அவர் சொல்ல, எத்தனை மடங்கு, ஏன் என்று இவன் கேட்க, அரை மணி நேரம் பேச்சு ஓடியிருக்கிறது. தந்தையும் மகனும் மார்க்கைத் தவிர வேறொன்றைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியது அதுவே முதல் முறையாம். வெளிநாட்டில் இருக்கும் தந்தையர் இதைக் கவனிக்க வேண்டுகிறேன். உங்கள் தொழிலில் நாள்தோறும் நீங்கள் செய்யும் கணக்கு, போடும் கணிப்பு, சரக்கின் தரம் பார்க்கும் விதம் எல்லாம் உங்கள் பிள்ளைக்குப் பாடம். அதை நீங்கள் ஒரு நாளும் அவனிடம் சொன்னதில்லை.

இனி மறதியைப் பற்றி. 'படிக்கிறான், நிற்கவில்லை' என்பது எல்லாத் தாய்மார்களின் புலம்பல். 1885ஆம் ஆண்டிலேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கிறது என்பதை அளந்து காட்டினார். மறதி மூளையின் இயல்பு, பிள்ளையின் குற்றமன்று. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்னும் இருவர் ஒரு சோதனை செய்தார்கள். கல்லூரி மாணவர்களுக்குச் சிறு பத்தி ஒன்றைக் கொடுத்து, ஒரு சாராரை மீண்டும் ஒரு முறை வாசிக்க வைத்தார்கள். மற்றொரு சாராரை, பத்தியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுத வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது மீண்டும் வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு நினைவில் இருந்தது. மீண்டும் வாசித்தவர்களுக்கு 42 விழுக்காடுதான் இருந்தது. மீண்டும் மீண்டும் வாசிப்பது 'தெரிந்துவிட்டது' என்ற மயக்கத்தைத் தருகிறது. மருமகன் பதினொரு மணி வரை விழித்துச் சேர்த்ததெல்லாம் அந்த மயக்கத்தைத்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த உத்தி நமக்குப் புதிதே அல்ல. மருமகன் சிறு வயதிலிருந்து ஹிப்ழு வகுப்புக்குப் போகிறவன். அங்கே புதுப் பாடம் ஒன்று, சென்ற சில நாள்களின் பாடம் ஒன்று, முன்பு முடித்த பழைய பாடம் ஒன்று என மூன்றையும் தினமும் உஸ்தாதிடம் பார்க்காமல் ஓதிக் காட்டுகிறான். வடநாட்டு மதரஸாக்களில் சபக், சப்கி, மன்ஸில் என்று சொல்வது இதைத்தான். இடைவெளி விட்டுத் திரும்ப வருவது, பார்க்காமல் நினைவிலிருந்து எடுப்பது, தவறினால் அந்த இடத்திலேயே திருத்திக்கொள்வது என மூன்றும் அதில் இருக்கின்றன. அதே பையன் வீட்டுக்கு வந்து பள்ளிப் பாடத்தை எடுத்தால் மட்டும், பார்த்துக்கொண்டே பதினைந்து முறை வாசிக்கிறான்! மதரஸாவில் செய்வதை இங்கேயும் செய் என்று சொன்னதும் அவனுக்குச் சட்டென்று புரிந்தது. ஆனால் ஒரு வேறுபாட்டையும் சொல்லி வைத்தேன். மறைவசனத்தில் எழுத்து மாறக் கூடாது. அறிவியலிலோ சொல் மாறலாம், பொருள் மாறக் கூடாது. சொல்லை மாற்றிச் சொல்ல முடிந்தால்தான் விளங்கியதாகப் பொருள்.

அப்படிச் சொந்தச் சொல்லில் யாரிடம் சொல்வது? இங்கேதான் தாய்மார்களின் பங்கு வருகிறது. "நான் எட்டாவதோடு நின்றவள், எனக்கு என்ன தெரியும் காக்கா" என்று தங்கை தயங்கினாள். தெரியாததுதான் தகுதி என்றேன். மஃரிப் தொழுகைக்குப் பிறகு பத்து நிமிடம், அன்று படித்ததை உம்மாவுக்கு விளங்கும்படி அவன் சொல்ல வேண்டும். விளங்காத இடத்தில் உம்மா 'விளங்கவில்லை' என்று மட்டும் சொன்னால் போதும். எல்லாம் தெரிந்த டியூஷன் வாத்தியார், பிள்ளை பாதி சொல்லும்போதே மீதியைத் தாமே நிரப்பிக்கொள்கிறார். உம்மாவிடம் அது நடக்காது. முதல் சில நாள்கள் அவன் எரிச்சலோடு, "உங்களுக்கு ஒன்றும் புரியாது, உம்மா" என்று எழுந்து போயிருக்கிறான். பிறகு படிப்படியாக, அவளுக்குப் புரியாத இடமெல்லாம் தனக்கும் புரியாத இடம் என்று கண்டுகொண்டான். இன்று தங்கையும் அவனுடைய அறிவியல் புத்தகத்தைத் தானே எடுத்து வாசிக்கிறாள் என்பது கூடுதல் இலாபம்.

தூக்கத்தைப் பற்றியும் கைப்பேசியைப் பற்றியும் நிறையப் பேர் எழுதுகிறார்கள்; நான் நீட்டவில்லை. பதின்மூன்று வயதுக்கு மேல் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. ஃபஜ்ருக்கு எழ வேண்டிய பிள்ளை பதினொரு மணி வரை விழித்திருந்தால் கணக்கு உதைக்கிறது. ஒன்பது மணிக்கு விளக்கணைத்தோம். கைப்பேசி உம்மாவின் அறையில் உறங்குகிறது. அவ்வளவுதான்.

இப்படியெல்லாம் செய்தும் ஒரு சோதனை வரத்தான் செய்தது. அரையாண்டுத் தேர்வில் அதே முத்து வினா வந்தது. மருமகன் போர்வைச் சதை, சிறு பை, வேப்பலோடை என்று தான் அறிந்ததை எழுதிவிட்டு வந்தான். ஐந்து மதிப்பெண்ணுக்கு இரண்டு கிடைத்தது. மணல் துகள் இல்லையாம்! பையன் அழவில்லை, ஆனால் அன்று நோட்டுப் புத்தகத்தில் கேள்வி எழுதவில்லை. எனக்கும் கோபம் வந்தது. பள்ளிக்குப் போய்ச் சண்டை பிடிப்பதில் பயனில்லை. நாற்பது விடைத்தாள்களை இரண்டு இரவில் திருத்தும் ஆசிரியரின் நிலைமையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். "நீயே போய்க் கேள். குறை சொல்லாதே. நாம் கேட்டுக்கொண்ட அந்தக் கேள்வியை மட்டும் கேள்" என்றேன். அவன் போய், "சார், மணலே போதுமென்றால் வளர்ப்பு முத்துக்கு ஏன் சதைத் துண்டையும் வைக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறான். ஆசிரியர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றாராம். அந்த ஆசிரியருக்கு என் சலாம். மதிப்பெண் கூடவில்லை. ஆனால் அடுத்த வாரம் வகுப்பில் அந்தப் பாடத்தை மீண்டும் எடுத்து, இவனையே எழுந்து நின்று சொல்லச் சொல்லியிருக்கிறார். பொதுத்தேர்வில் என்ன எழுதுவது என்று மருமகன் கேட்டபோது, புத்தகத்தில் உள்ளதை முதலில் எழுதிவிட்டு, நீ அறிந்ததை அடுத்த பத்தியில் எழுது என்று அவரே சொல்லிக் கொடுத்தாராம். நடைமுறை அறிந்தவர்.

அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு செய்தி. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கென உள்ள நடுவண் அரசின் என்.எம்.எம்.எஸ். திட்டத் தேர்வில் தேறினால், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். அதில் பாதி, அதாவது 90 வினாக்கள், மனத்திறனைச் சோதிப்பவை. எண் வரிசையில் அடுத்தது எது, கூட்டத்தில் பொருந்தாதது எது என்பது போன்றவை. இவற்றுக்கும் விடைகளை உருப்போட வைக்கும் மையங்கள் நம் பக்கத்தில் முளைத்திருக்கின்றன. சிந்தனையைச் சோதிக்கும் வினாவுக்கு மனப்பாட விடை! பணம் கொடுத்துச் சேர்ப்பதற்கு முன், அங்கே பிள்ளை கேள்வி கேட்டால் என்ன நடக்கிறது என்று ஒரு நாள் வாசலில் நின்று பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு மையத்தில், சந்தேகம் கேட்ட பெண்பிள்ளை ஒருத்தியை வகுப்பின் கடைசியில் நிற்க வைத்தார்கள்.

மருமகன் இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறான். முதல் மாணவன் ஆகிவிடவில்லை. கணக்கில் அறுபதைத் தாண்டியிருக்கிறான், ஆங்கிலம் இன்னும் தடுமாறுகிறது. சென்ற மாதம் மச்சான் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தார். கடைப் பேச்சை எடுப்பாரோ என்று தங்கை அஞ்சிக்கொண்டிருந்தாள். புறப்படும் முதல் நாள் அவர் என்னிடம், "பன்னிரண்டாவது வரைக்கும் படிக்கட்டும் மச்சான், பிறகு அவனிடமே கேட்போம்" என்றார். மகனின் நோட்டுப் புத்தகத்தில் மூன்றாவது வந்துவிட்டது. முதல் இரண்டையும் அவர் பெட்டியில் வைத்து எடுத்துப் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் அதிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துப் பேசுகிறார்களாம்.